கல்லூரி மறுபடியும் மூடினால் எந்த வழி? சேலத்திலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் கல்லூரியில் போன மாதம் ஒரு குழு போட்டார்கள். இன்னொரு பெருந்தொற்று வந்து கதவை மூடச் சொன்னால் சேர்க்கை, வகுப்பு, தேர்வு, ஹாஸ்டல் எல்லாவற்றையும் எப்படி நடத்துவது என்று இப்போதே ஒரு திட்டம் எழுதி வைக்க வேண்டும். ஐந்து பேரில் நானும் ஒருத்தி. வேதியியல் சொல்லித் தருகிறேன், 2020இல் முதலாண்டு வகுப்புக்கு டியூட்டராகவும், அதாவது பொறுப்பாசிரியராகவும், இருந்தேன். முதல் கூட்டத்திலேயே மூன்று வழிகள் பேச்சில் வந்தன. எல்லாவற்றையும் நேரலை ஆன்லைனுக்கு மாற்றிவிடுவது ஒன்று. மாணவர்களைப் பிரித்துச் சுழற்சி முறையில் கல்லூரிக்கே வரவழைப்பது இரண்டாவது. பாடத்தைப் பதிந்தும் அச்சிட்டும் வீட்டுக்கே அனுப்பிவிட்டு, ஆசிரியர் போனில் தொடர்வது மூன்றாவது. எது நல்லது என்று அன்று முடிவாகவில்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே தெளிவாகும் என்று தோன்றியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த நான்கு மாவட்டத்துக் கல்லூரிகளுக்கும் இதே கேள்விதான் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். எந்த வழியில் குறைவான பிள்ளைகள் படிப்பை விட்டுப் போவார்கள்? விட்டுப்போன பாடத்தை அடுத்த செமஸ்டரில் எப்படியாவது பிடித்துவிடலாம். விட்டுப்போன பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. என் வகுப்பில் ஒருவன் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். இரண்டு மாதம் என்று சொல்லித்தான் போனான். கையில் வாரக்கூலி வந்து, அதை நம்பி வீட்டில் கடனும் வாங்கிய பிறகு அவன் எப்படித் திரும்பி வருவான்? ஒரு பெண்ணுக்கு ஊரடங்குக்குள்ளேயே கல்யாணம் முடிந்துவிட்டது. கூட்டமில்லாமல் செலவில்லாமல் முடிக்கலாம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நான் போனில் பேசினேன். தாமதமாகப் பேசினேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

தமிழ்நாட்டில் கல்லூரிகள் 2020 மார்ச் 17 அன்று மூடின. முதலில் மார்ச் 31 வரை என்றுதான் சொன்னார்கள். ரெக்கார்டு நோட்டை லேபிலேயே வைத்துவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு. அப்புறம் திறந்தது டிசம்பரில், அதுவும் படிப்படியாக: டிசம்பர் 2இல் முதுநிலை அறிவியல், ஆராய்ச்சி மாணவர்கள், டிசம்பர் 7இல் இளநிலை இறுதியாண்டு. மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8 வரை காத்திருந்தார்கள். மார்ச்சில் மறுபடி மூடி, செப்டம்பர் 1 அன்று மறுபடி திறந்து, 2022 ஜனவரியில் இன்னொரு முறை மூடினார்கள். ஒரே தடவை மூடி ஒரே தடவை திறக்கும் என்று நினைத்துத் திட்டம் போடக் கூடாது என்பதற்காகத்தான் தேதிகளைச் சொல்கிறேன். எந்த வழியை எடுத்தாலும் அதை மூன்று முறை மடக்கி மூன்று முறை விரிக்க முடிய வேண்டும்.

சேர்க்கையிலிருந்து தொடங்குகிறேன்

குழுவில் பெரும்பாலோர் சேர்க்கையைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். விண்ணப்பம் இப்போது ஆன்லைன்தானே, அதில் என்ன இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளை கையை விட்டுப் போகும் முதல் இடமே அதுதான்.

2020இல் பிளஸ் டூ முடிவு ஜூலை 16 அன்று வந்தது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஜூலை 20இல் இணையவழி விண்ணப்பம் தொடங்கியது. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். காசைப் பார்த்தால் இதைவிடக் குறைக்க முடியாது. நேரில் வரச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்த ஜூனில் பஸ் ஓட்டத்துக்காக மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தபோது சேலமும் நாமக்கல்லும் கோவையோடு ஒரு மண்டலத்தில் இருந்தன. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் வேலூரோடு இன்னொன்றில் இருந்தன. ஒரே பல்கலைக்கழகத்தின் நான்கு மாவட்டங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. சேலத்துக்கும் தருமபுரிக்கும் எல்லையான தொப்பூரைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். கருப்பூரில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஆத்தூர்ப் பையனைவிட தொப்பூர்ப் பக்கத்துப் பையன் கிட்டத்தில் இருந்தான், ஆனால் வர முடியாதவன் அவன்தான். ஜூலையில் பஸ்ஸே நின்றுபோனது. அதனால் ஆன்லைன் விண்ணப்பம் சரியான முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் விண்ணப்பத்தை ஆன்லைனில் வைத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டால் யாரெல்லாம் விடுபடுவார்கள் என்று சேர்வராயன் மலையை வைத்துப் பார்க்கலாம். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) அதிகம். எஸ்டி சாதிச் சான்றிதழை தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும். சாதாரண நாளிலேயே பல நடை நடக்க வேண்டிய காரியம் அது. பள்ளியிலேயே வாங்கி வைக்காத பிள்ளைக்கு ஊரடங்கில் அது கிடைக்க வழியே இல்லை. அடுத்தது ஓடிபி. போன் அப்பாவிடம், அப்பா எஸ்டேட்டில், பிள்ளை டவுனில் இ-சேவை மையத்து வரிசையில். எண் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மையத்துக்காரர் தன் எண்ணையே போட்டுப் பதிந்து விடுவார். அவசரத்துக்கு அது உதவிதான். ஆனால் தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்து கல்லூரியிலிருந்து கூப்பிட்டால் மணி அடிப்பது மையத்துக்காரர் பாக்கெட்டில்.

இங்கே மூன்று விதமாகச் செய்யலாம். விண்ணப்பம், சான்றிதழ், கட்டணம் எல்லாமே இணையத்தில் முடிய வேண்டும் என்பது ஒன்று. ஆபீசுக்கு வேலை குறைவு, கணக்கும் சுத்தமாக இருக்கும். இரண்டாவது, விண்ணப்பம் ஆன்லைன், கூடவே துறைக்கு ஒரு ஆசிரியர் போனில் உதவுவது. மூன்றாவது, விண்ணப்பம் ஆன்லைன்தான், ஆனால் வாரம் இரண்டு நாள் மலை மேலே ஒரு பள்ளிக் கட்டடத்தில் மேசை போட்டு, லேப்டாப்போடும் ஸ்கேனரோடும் நம் ஆட்கள் இருவர் உட்கார்வது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. கல்லூரி வண்டி ஒன்று காலையில் போய் மாலையில் இறங்கிவிடலாம். ஐம்பது பிள்ளைகள் இறங்கி வருவதைவிட இரண்டு பேர் ஏறிப் போவது தொற்றுக்கும் நல்லது, செலவுக்கும் நல்லது. நான் மூன்றாவதைத்தான் கேட்கிறேன். அதோடு ஒரு சலுகையும் வேண்டும்: சாதிச் சான்றிதழ் கையில் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி டிசியில் இருப்பதை வைத்துத் தற்காலிகமாக இடம் கொடுத்துவிட்டு, செமஸ்டர் முடிவதற்குள் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லலாம். வாங்கித் தரும் பொறுப்பில் கல்லூரியும் ஒரு கை கொடுக்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தவணையாக வாங்க வேண்டும். 2020இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட கல்வி நாட்காட்டி, நவம்பர் 30க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொன்னது. அதே விதியை நாமாகவே முதல் நாளில் அறிவித்துவிட்டால், சேரலாமா வேண்டாமா என்று தயங்கும் வீட்டில் அது பெரிய தைரியம்.

வகுப்பு

நேரலை ஆன்லைன் வகுப்புக்கு ஒரு பெரிய பலம் உண்டு. நாளுக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கிறது. பத்து மணிக்கு வகுப்பு என்றால் பத்து மணிக்குக் குளித்துச் சாப்பிட்டு உட்கார வேண்டும். சந்தேகத்தை உடனே கேட்கலாம். டவுனில், அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ, வீட்டில் தனி அறையும் வைஃபையும் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. செலவும் கல்லூரிக்கு ஏறக்குறைய இல்லை. குழுவில் இதற்குத்தான் ஆதரவு அதிகம்.

என் மனதை மாற்றியது நாகலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி. முதலாண்டு. வகுப்பு தொடங்கி மூன்று வாரம் அவள் பெயரே திரையில் வரவில்லை. நானும் வருகைப் பதிவில் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே இருந்தேன். நான்காவது வாரம் போன் செய்தபோது அவள் அப்பா எடுத்தார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், மிளகுக் கொடிக்கு ஏணி சாய்ப்பது பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மேடம், பாப்பா வூட்ல இருக்குதுங்க. போனு எங்கிட்டதானுங்க இருக்குது. நான் எஸ்டேட்ல இருக்கறனுங்க. சாயங்காலம் போயி பேசச் சொல்றனுங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு? மேஸ்திரி கூப்பிடுவதும் அந்தப் போனில்தான், ரேஷன் தகவல் வருவதும் அதில்தான்.

அன்று ஆறரை மணிக்கு அவள் பேசினாள். "மேடம், கேக்குதா மேடம்?" என்று நான்கு தடவை கேட்டாள். வீட்டில் டவர் இல்லை. காபித் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறதாம், பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரம். அந்த மரத்துக்குக் கிழக்கே நின்றால் இரண்டு கோடு வரும், மேற்கே நகர்ந்தால் போய்விடும். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், காட்டெருமை வரும் என்றாள். அந்தப் பிள்ளைக்குத்தான் நான் மூன்று வாரம் ஆப்சென்ட் போட்டிருந்தேன்.

2021 ஜனவரியில் அரசு 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. நல்ல திட்டம், டவுனிலும் சமவெளிக் கிராமங்களிலும் ரீசார்ஜ் கவலை நிறையக் குறைந்தது. டவர் இல்லாத இடத்தில் 2 ஜிபியை வைத்து என்ன செய்ய முடியும்? ஒரே போன் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த சிம்மை எதில் போடுவது? காசு, கருவி, டவர் மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது.

அவளுக்காகத்தான் குரல் பதிவு செய்ய ஆரம்பித்தேன். 45 நிமிடப் பாடத்தை நொடிக்கு 32 கிலோபிட் தரத்தில் குரலாக மட்டும் பதிந்தால் 11 எம்பிக்குள் அடங்கிவிடும். அதே பாடம், நொடிக்கு 500 கிலோபிட் போகும் சாதாரண வீடியோ என்றாலும், 170 எம்பியைத் தொடும். பாறையில் நிற்கும் அரை மணி நேரத்துக்குள் அன்றைய ஐந்து பாடமும் குரலாக இறங்கிவிடும். வீடியோ ஒன்றுகூட முழுதாக இறங்காது. அவள் சாயங்காலம் இறக்கிக்கொண்டு போய், அப்பா தூங்கிய பிறகு போனை வாங்கிக் கேட்டாள். சந்தேகத்தை நோட்டில் எழுதிப் படமெடுத்து மறுநாள் பாறையிலிருந்து அனுப்பினாள். நேரலையில் இருந்த பலரைவிட அவள் கேள்விகள் கூர்மையாக இருந்தன. நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிந்ததால் இருக்கலாம்.

பதிவில் குறையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. வேதிச் சமன்பாட்டைக் குரலில் சொன்னால் யாருக்கும் புரியாது. அச்சிட்ட தாள் கூடவே போக வேண்டும். "இப்போது மூன்றாவது வரியைப் பாருங்கள்" என்று குரலில் சொல்ல, கையில் அந்த மூன்றாவது வரி இருக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு இரண்டு பக்கம் எழுத எனக்கு நேரலை வகுப்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. தொலைநிலைக் கல்வி நடத்துபவர்களுக்கு இது பழகிய வேலை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இலேயே அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கிவிட்டது, நம் பல்கலைக்கழகங்களிலும் அதற்கென எழுதிய பாடப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றைத் துறைவாரியாக எடுத்துப் புதுப்பித்து வைத்தாலே பாதி வேலை முடியும். இன்னொரு குறை தனிமை. பதிவைக் கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால்தான் வாரம் ஒரு முறை ஆசிரியர் போன் என்பதை இந்த வழியோடு சேர்த்தே வைக்கிறேன். ஆசிரியர் ஒருவருக்கு இருபது பிள்ளைகள், ஆளுக்குப் பத்து நிமிடம். போன் அந்த வீட்டுக்கு வரும் நேரத்தில் கூப்பிட வேண்டும். அப்பாவோ அம்மாவோ எடுத்தால் அவர்களிடமும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். கொலுசுப் பட்டறையும் கல்யாணமும் முன்கூட்டியே நம் காதுக்கு வருவது அந்த இரண்டு வார்த்தையில்தான்.

இனி சுழற்சி. லேப் இருக்கும் படிப்புக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை என்பது என் அனுபவம். பெர்மாங்கனேட் டைட்ரேஷனை நான் கேமரா முன்னால் செய்து காட்டினேன். ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. திருகு வைத்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ விழ, குடுவையில் நிறம் தோன்றித் தோன்றி மறையும். கடைசியில் ஒரே ஒரு சொட்டில் மிக மெல்லிய ரோஜா நிறம் வந்து மறையாமல் நிற்கும். வினை முடிந்தது என்று காட்டும் முடிவுப் புள்ளி அதுதான். என் கண்ணுக்குத் தெரிந்த அந்த மெல்லிய நிறம் திரையில் தெரியவே இல்லை. "மேடம், வெள்ளையாத்தான் இருக்கு" என்றார்கள். அவர்களுக்குத் தெரியும்படி இன்னும் இரண்டு மூன்று சொட்டு விட்டேன், நல்ல ரோஜா நிறம் வந்தது. அதையே முடிவுப் புள்ளி என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 2021 செப்டம்பரில் நேரில் வந்தபோது வகுப்பே அளவைத் தாண்டிச் சொட்டு விட்டது. ஒன்றரை வருடம் நான் சொல்லிக்கொடுத்த தப்பு அது. பியூரெட் திருகை இடது கையால் பிடித்து வலது கையால் குடுவையைச் சுழற்றும் பழக்கமும் பார்த்து வருவதில்லை.

சுழற்சியிலும் பல வகை இருக்கிறது, அங்கேதான் யோசிக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவழைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மலைப் பிள்ளைக்கு இதுதான் மிக மோசம்: வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டும், கூட்டத்தில் நிற்க வேண்டும், தொற்றை மூன்று முறை மேலே கொண்டுபோகும் வாய்ப்பு. ஒரு வாரம் கல்லூரி, ஒரு வாரம் வீடு என்பது பரவாயில்லை. எனக்குப் பிடித்தது 2020இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் முன்வைத்த முறை: பதினான்கு நாளில் நான்கு நாள் தொடர்ந்து வேலை, பத்து நாள் வீடு. தொற்று ஒருவர் உடம்பில் ஏறியதும் அன்றே மற்றவருக்குப் பரவிவிடாது, சராசரியாக மூன்று நாள் ஆகும். அதனால் கல்லூரியில் தொற்றியவர் மற்றவருக்குக் கொடுக்கும் நிலைக்கு வரும்போது பெரும்பாலும் வீட்டில் இருப்பார். வீட்டில் அறிகுறி தெரிந்தால் அடுத்த முறை வரமாட்டார். நோய்க்கு நோய் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். புதுத் தொற்றுக்கு அந்த மூன்று நாள் எத்தனை நாளோ, அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

திங்கள் முதல் வியாழன் வரை ஒரு பிரிவு, காலை முதல் மாலை வரை லேப் மட்டும். தியரி எல்லாம் பதிவில். நான்கு நாளும் மலைப் பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு தடவை பஸ். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், வேதியியல் லேபில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஏற்கெனவே உண்டு, ஓட விட்டால் போதும். சுழற்சிக்கு விலை கொடுப்பவர்கள் ஆசிரியர்கள், அதிலும் கெஸ்ட் லெக்சரர்கள். ஒரே பரிசோதனையை ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக நடத்த வேண்டும். அந்த மணி நேரங்களுக்குச் சம்பளம் உண்டு என்று முதலிலேயே எழுத்தில் இல்லாவிட்டால் இந்த வழியை எடுக்கவே கூடாது.

யாரை முதலில் வரவழைப்பது என்பதில் குழுவில் நான் தனியாக நிற்கிறேன். போன முறை இறுதியாண்டு முதலில் வந்தது, முதலாண்டு கடைசியில் வந்தது. வேலை, மேற்படிப்பு என்று இறுதியாண்டுக்கு அவசரம் இருந்தது உண்மை. ஆனால் இறுதியாண்டுப் பிள்ளைக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர் எண் இருக்கிறது, எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரியும். முதலாண்டுப் பிள்ளைக்குக் கல்லூரியின் கேட் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. விட்டுப் போன என் பிள்ளைகள் எல்லோரும் முதலாண்டு. லேப் தேவைப்படும் இறுதியாண்டோடு முதலாண்டையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும், நான்கு நாளாவது. ஒரு பிள்ளை பெஞ்சில் பக்கத்தில் இருப்பவளின் பெயரைத் தெரிந்துகொண்டு போனாலே அது போதும் எனக்கு.

தேர்வு

தேர்வைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2020இல் மூன்று விதமும் நடந்தது. முதலாம், இரண்டாம் ஆண்டுக்குத் தேர்வு ரத்து. அந்த ஏப்ரலில் யுஜிசி சொன்ன கணக்கு 50 சதவீதம் இன்டர்னல், 50 சதவீதம் முந்தைய செமஸ்டர். இறுதியாண்டுக்குத் தேர்வு உண்டு, செப்டம்பர் 30க்குள் நடத்த வேண்டும் என்று யுஜிசி சொன்னதை ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சரி என்றது. அரியர் எழுத வேண்டியவர்களுக்குக் கட்டணம் கட்டியிருந்தால் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்து, அது உயர் நீதிமன்றம் வரை போனது.

ரத்து செய்வது அன்றைக்குக் கருணையாகத் தெரியும். "கொரோனா பேட்ச்" என்று வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் சொல்லக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து அழுத மாணவனைப் பார்த்த பிறகு எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வீட்டிலிருந்து எழுதிப் படமெடுத்து ஏற்றும் முறையில் பாறையில் நிற்கும் பிள்ளை மறுபடி மாட்டிக்கொள்கிறாள். விடை தெரிந்தும், இருபது பக்கம் ஏறவில்லை என்பதற்காக அவள் பயந்து நடுங்க வேண்டும். நான் சொல்வது வேறு. தேர்வைத் தள்ளி வைக்கலாம், பிள்ளை இருக்கும் இடத்துக்கே கொண்டு போகலாம். ஏற்காட்டில், வாழப்பாடியில், ஆத்தூரில், மேட்டூரில் பள்ளிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரிப் பிள்ளையும் பக்கத்து மையத்தில் எழுதலாம் என்று பல்கலைக்கழகம் ஓர் உத்தரவு போட்டால் போதும். மலையில் ஒரு கவனம்: நவம்பர் முதல் ஜனவரி வரை காபி பறிப்பு. படிக்கும் பிள்ளைகளும் கூலிக்குப் போகும் காலம். பொழுது விடியும் முன்னே கூடை கட்டிக்கொண்டு போகும் வீட்டில் அந்த வாரத்தில் தேர்வு வைத்தால் பிள்ளை கூலிக்கும் தேர்வுக்கும் நடுவில் நிற்கும்.

ஹாஸ்டல், நூலகம், இன்னபிற

2020 டிசம்பரில் ஹாஸ்டல் திறந்தபோது ஒரு அறைக்கு ஒருவர் என்று வைத்தார்கள். இடம் மூன்றில் ஒன்றாகிவிடும். அந்த இடத்தை யாருக்குத் தருவது? மதிப்பெண்ணை வைத்தோ ஆண்டை வைத்தோ தராமல், வீட்டில் டவர் இல்லாதவர்களுக்கும் வீட்டில் இடமில்லாதவர்களுக்கும் தர வேண்டும். அம்மாப்பேட்டையில் ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையும் இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அங்கே தறிச் சத்தத்தில் எந்த வகுப்பும் காதில் விழாது. ஆனால் ஒரு கோடு வேண்டும். 2021 மே மாதம் சேலம் உருக்காலையில் 500 படுக்கைகளோடு ஆக்சிஜன் சிகிச்சை மையம் அமைக்க வேண்டிய நிலை வந்தது. ஊர் அந்த நிலைக்குப் போகும் முன்பே ஹாஸ்டல் காலியாகிவிட வேண்டும், அதை யார், எதைப் பார்த்து முடிவு செய்வது என்று பெயர் போட்டு எழுதி வைக்க வேண்டும். மலையில் தாத்தா பாட்டியோடு இருக்கும் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் பரிசோதனை செய்துதான் அனுப்ப வேண்டும்.

நூலகம் போன முறை பூட்டியே கிடந்தது. மின்னூல் இருக்கிறதே என்றார்கள். போனில் பிடிஎஃப் படிக்கும் பிள்ளையின் கண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எங்கள் நூலகர் தானாகவே ஒரு காரியம் செய்தார். மலையிலிருந்து காய்கறி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் ஓட்டுநர் ஒருவரிடம் துணிப்பையில் புத்தகம் கொடுத்தனுப்பினார். பைக்கு மேலே பேனாவில் பிள்ளையின் பெயர், ஊர், எந்தக் கடையில் இறக்க வேண்டும் என்று எழுதியிருப்பார். பத்து நாள் கழித்து அதே பையில் பழைய புத்தகம் திரும்பி வரும், ஒரு தடவை உள்ளே ஒரு கை மிளகும் சேர்ந்து வந்தது. என் அச்சுத் தாள்களும் பிறகு அந்தப் பையிலேயே போயின. அடுத்த திட்டத்தில் இது கல்லூரியின் செலவிலேயே நடக்க வேண்டும், ஒரு மனிதரின் நல்ல மனதை நம்பி விடக் கூடாது.

உதவித்தொகை விண்ணப்பமும் பஸ் பாஸும் சேர்க்கை மேசையிலேயே முடிந்துவிட வேண்டும். மனம் சோர்ந்த பிள்ளைக்கு 104 என்ற அரசு உதவி எண் இருக்கிறது என்று சொல்வது நல்லது, ஆனால் முன்பின் தெரியாத குரலிடம் பேசப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். வாரம் பேசும் டியூட்டரிடம்தான் முதலில் சொல்வார்கள். டியூட்டருக்கு அதைக் கேட்கும் பயிற்சியை இப்போதே கொடுக்கலாம், தொற்று வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆக, குழுவிடம் நான் எழுதிக் கொடுத்தது இதுதான். அடிப்படை வழியாகக் குரல் பதிவு, அச்சுத் தாள், வாரப் போன். லேபுக்கும் முதலாண்டுக்கும் நான்கு நாள் சுழற்சி. நேரலை வகுப்பை விட வேண்டாம், வாரம் இரண்டு வைத்துக்கொள்வோம். அதில் வருகைப் பதிவு எடுக்கக் கூடாது. முழு நேரலை கேட்கும் நண்பர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: டவுன் பிள்ளைகள் எண்ணிக்கையில் அதிகம், அவர்களுக்கு என் வழி கொஞ்சம் மெதுவாகத் தோன்றும். தோன்றட்டும். அவர்கள் மெதுவாகப் போனாலும் படிப்பை முடித்துவிடுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு பட்டியல் வேண்டும், அதைத் தொற்று வந்த பிறகு தயாரிக்க முடியாது. இந்த ஜூன் சேர்க்கையிலேயே ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன். அரசு விண்ணப்பப் படிவத்தில் நாம் எதையும் சேர்க்க முடியாது என்றார்கள். சரி, தனியாக ஒரு அரைத்தாள் கொடுப்போம் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். அதில் நான்கே கேள்வி. வீட்டில் எத்தனை போன்? பகலில் அது யார் கையில் இருக்கும்? வீட்டுக்குள் டவர் கிடைக்கிறதா, இல்லையென்றால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் நீங்களே எடுப்பீர்கள்? நேற்று மாலை அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.